ஒட்டடை மசோதா

முப்பத்தேழு நாள் சட்டமன்ற அவையில் உட்கார்ந்திருந்தேன். அதில் எழுந்து நின்று பேசியது ஒரே ஒரு நாள், நாலு நிமிடம்.

எங்கள் ஊர் டட்டனில் இதை யாரும் கேட்கவில்லை. "தலைநகர்லயும் காத்து இப்படித்தான் அடிக்குதா?" என்று கேட்டார்கள். "விடுதியில வெந்நீர் ஒழுங்கா வந்துச்சா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

நான் தேர்தலில் நின்றவள் இல்லை. இருபது வருடம் உறுப்பினராக இருந்தவர் உடம்பு முடியாமல் விலகினார். மனுப் போட ஒருவரும் முன்வரவில்லை. எங்கள் வாக்குச்சீட்டில் கடைசியாக ஒரு வெற்றுக் கோடு இருக்கும். யார் பெயரை வேண்டுமானாலும் அதில் கையால் எழுதலாம். தபால் நிலையத்தில் இருக்கும் வெல்டா ப்ரன்ட்டி, கடிதம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். "காரின் ஓஸ்ட்லண்ட். கிணத்துத் தண்ணி பரிசோதிக்கிற பொண்ணு. சத்தம் வராது, ஆனா எதையும் ரெண்டு தடவ படிக்கும்."

அறுநூற்றுப் பதினெட்டுப் பேர் எழுதினார்கள். என் பெயரில் எத்தனை விதமான எழுத்துப்பிழை வர முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. வேதியியல் படித்துவிட்டு மாவட்டத்துக்காகக் கிணறுகளில் நைட்ரேட் அளந்துகொண்டிருந்தவள், இருபத்தேழு வயதில் சட்டமன்ற உறுப்பினர் ஆனேன்.

அதற்குப் பிறகு சாலையில் எதிரே வரும் வண்டிக்காரர்கள் வணக்கம் சொல்ல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலுக்குப் பதில் நாலு விரலைத் தூக்கினார்கள். காப்பிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேறு பேச்சாகத் தொடங்கியது. மரியாதைதான். முன்பு அங்கே என்னைக் கவனிக்காமல் விடுவார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்த நாலு நிமிடம் பன்னிரண்டாம் நாள் வந்தது. கிணற்று நீர் மாதிரியைச் சோதனைக்கு அஞ்சலில் அனுப்ப அனுமதிக்கும் ஒரு சின்ன மசோதா கொண்டுவந்தேன். பேசி முடித்தேன். வாக்கெடுப்பு நடந்தது. அவையின் சுவரில் ஒரு பலகை உண்டு, அதில் அறுபது பெயர்கள். ஆமென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. ஐம்பத்தொன்பது சிவப்பு எரிந்தது. பச்சை ஒன்றே ஒன்று, என்னுடையது.

பிறகு அவை முழுவதும் சிரித்தது. சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. முதல் மசோதா கொண்டுவரும் புதியவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் செய்வார்களாம், அது அங்கே வழக்கம். பக்கத்து இருக்கை வக்கீல் மேசையைத் தட்டிச் சிரித்து, "இனிமே நீ எங்க ஆளும்மா" என்றார். அது அன்பு என்று எனக்கு விளங்கியது. இருந்தாலும் முகம் கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அதற்குப் பின் மீதியிருந்த இருபத்தைந்து நாளும் நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடி வாக்குப் பொத்தானை மட்டும் அழுத்தினேன்.

எங்களுக்குத் தனி அறை கிடையாது, உதவியாளர் கிடையாது. அவையில் இருக்கும் மேசைதான் அலுவலகம். சாயங்காலம் மற்றவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள். இரண்டு தடவை என்னையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. விடுதியில் டின் சூப்பைச் சூடாக்கிக்கொண்டு மறுநாள் மசோதாக்களுடன் உட்காருவேன்.

கூட்டத்தொடர் முடிந்த மறுவாரம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டட்டன் தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம் வைத்தேன். என்னென்ன சட்டம் வந்தது, யாருக்கு என்ன மாறும் என்று தொகுதிக்காரர்களிடம் வந்து சொல்வது உறுப்பினரின் கடமை. எனக்கு முன்னால் இருந்தவர் தாளே இல்லாமல் இரண்டு மணி நேரம் சொல்வார், நடுநடுவே சிரிக்க வைப்பார். நான் ஒரே தாளில் பதினான்கு சட்டங்களைப் பதினான்கு பத்தியாக எழுதி நாற்பது பிரதி எடுத்துப் போயிருந்தேன்.

பதினோரு பேர் வந்தார்கள். மாடுகள் கன்று ஈனும் மாதம், அந்தப் பதினோரு பேரே அதிகம். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்தி இடம் செய்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் உள்ளேயே நின்றது, ஏனென்றால் குளிரில் அது கிளம்பாது. அதன் பக்கத்திலேயே மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். மாடு வளர்க்கும் கிளாய்டு மாஸி தன் தொப்பியை அதன் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். மேசையில் மிளகாயும் பீன்ஸும் போட்ட கறிக்குழம்பு, தொட்டுச் சாப்பிடப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. எல்லோரும் முதலில் சாப்பிட்டார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, கொஞ்சம் சத்தமா," என்றார் கிளாய்டு. "நேத்துப் பொறந்த கன்னுக்குட்டி உன்னவிடச் சத்தமாப் பேசுது."

"கன்னுக்குட்டிக்கு ஓட்டு எழுதிப் போட்டிருக்கலாம்ல நீ," என்றார் எல்டன் ரப்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்டன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் அவர்தான். மாவட்டத்தில் அவசர சிகிச்சைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரே ஆள் வெல்டா. அழைப்பு வந்தால் வெல்டா தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஏறுவார், எல்டன் முன்னால். பெரிய மருத்துவமனை எழுபத்தோரு மைல். போன அக்டோபரில் கிளாய்டுக்கு மாரடைப்பு வந்தபோது அந்த எழுபத்தோரு மைலை எல்டன் ஐம்பத்தாறு நிமிடத்தில் ஓட்டினார். பனி பெய்துகொண்டிருந்தது.

தாளைப் படிக்கத் தொடங்கினேன். மாட்டுச் சூட்டுக்குறிப் பதிவை இனிப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். உதிர்ந்த மான்கொம்பு பொறுக்க மே மாதம் முதல் தேதியிலிருந்துதான் அனுமதி. வெளி மாநிலத்துக்காரர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் வர வேண்டும்.

"ஒரு வாரமா? அதுக்குள்ள நம்மாளுங்க பொறுக்கித் தீத்துருவாங்களே."

"அதுக்குத்தானப்பா சட்டமே."

மான்கொம்பிலேயே இருபது நிமிடம் போனது. யாருடைய மைத்துனன் எந்த வருடம் வேலி தாண்டினான் என்பது வரை வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் பேச்சு முடியாமல் இருந்தால் நல்லது என்றிருந்தது.

அடுத்த சட்டங்களை வேகமாகச் சொன்னேன். பள்ளிப் பேருந்து நிற்கும்போது முந்துகிறவர்களைப் படமெடுக்கும் சட்டத்தைப் பற்றி எல்டன் இரண்டு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். தலையாட்டினார்.

ஆம்புலன்ஸைப் பற்றியதைப் பதினோராவதாக வைத்திருந்தேன். முதலில் வைக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் வைத்தால் ஒளித்தது போலிருக்கும்.

"பதினொண்ணு," என்றேன். "காலாவதியான பிரிவுகளை நீக்குற சட்டம். மொத்தம் நூத்து முப்பத்தொரு பிரிவு. அதுல எண்பத்திநாலாவது நமக்கு வருது. ஆயிரத்தைந்நூறு பேருக்குக் கீழ இருக்கிற மாவட்டத்துல, சான்றிதழ் இருக்கிற ஒருத்தரும் ஒரு டிரைவரும் இருந்தா ஆம்புலன்ஸ் கிளம்பலாம்னு ஒரு விதிவிலக்கு இருந்துச்சு. அத எடுத்துட்டாங்க. ஜூலை ஒண்ணாம் தேதியிலருந்து ரெண்டு பேருக்கும் சான்றிதழ் வேணும்."

கொட்டகைத் தகரத்தைக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"வெல்டாகிட்ட ஒண்ணு இருக்கு," என்றார் எல்டன். பிறகு, எங்களுக்குத் தெரியாத செய்தியைச் சொல்வது போல, "என்கிட்ட இல்ல" என்றார்.

அவர் அந்தத் தேர்வுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். கட்டுப்போடுவது, மூச்சுக்குழாய் வைப்பது எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் விழுந்தார். எழுத்துக்கள் அவருக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. இதை டட்டனில் எல்லோரும் அறிவார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அப்ப ஜூலைல எனக்கு நெஞ்சு வலிச்சா?" என்றார் கிளாய்டு.

"ஜூன்லயே வரவெச்சுக்கோ," என்றார் வெல்டா.

யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

"யாரு கொண்டுவந்த மசோதா இது?"

"யாரும் இல்ல. சட்டம் எழுதித் தர்ற அலுவலகம், உபயோகத்துல இல்லாத பழசையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரே மசோதாவாக் குடுக்கும். அங்க ஒட்டடை மசோதான்னு சொல்வாங்க."

"உபயோகத்துல இல்லயா? என் தொப்பி எதுமேல தொங்குதாம்?"

"இவ்வளவு சின்ன மாவட்டம் இன்னும் இருக்குன்னு அவங்க நெனச்சிருக்க மாட்டாங்க," என்றேன்.

அது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே, அது அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் தாளை நாலாக மடித்தார்.

"விவாதத்துல ஒருத்தர்கூடக் கேக்கலயா?" என்றார் எல்டன்.

"விவாதமே கிடையாது. அது ஒப்புதல் பட்டியல்ல வந்துச்சு. தகராறு இல்லாத மசோதாவையெல்லாம் அந்தப் பட்டியல்ல போட்டுருவாங்க. அன்னைக்கு இருபத்திரண்டு. எழுத்தர் எண்ணை மட்டும் வாசிப்பார், எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஓட்டு."

"அதுல ஒண்ணு வேணாம்னா?"

"ஒரு உறுப்பினர் எந்திரிச்சு நின்னாப் போதும். அந்த எண்ணைத் தனியா எடுத்து வெச்சுருவாங்க. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல."

"யாரும் நிக்கல."

"நிக்கல."

"எத்தன ஓட்டுல போச்சு?" இது வெல்டா.

"அறுபதுக்கு அறுபது."

"உன்னோடதும் சேத்து."

"என்னோடதும் சேத்து."

வெல்டா என்னையே பார்த்தார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் ஆம்புலன்ஸின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"விடு வெல்டா," என்றார் எல்டன். "நானூறு மசோதா. முப்பத்தேழு நாள். ஒத்தப் பொண்ணு, ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. நூத்து முப்பத்தொண்ணுல எண்பத்திநாலாவது யாரு கண்ணுல படும்?"

"இவ கண்ணுல படும்னுதான் ஊரெல்லாம் சொல்லி எழுத வெச்சேன்."

"அவளும் மனுஷிதான. தூக்கம் வராதா?" எல்டன் என் பக்கம் திரும்பினார். "நீ மனசுல போட்டுக்காதம்மா. பாத்திருந்தா விட்டிருப்பியா நீ?"

பின்வரிசையில் ஒரு பெண், "பாவம், எம்புட்டுத்தான் படிக்கும்" என்றாள். இன்னொருவர், நம் வரிப் படிவமே யாருக்கும் புரிவதில்லை என்றார். கிளாய்டுகூட, "நான் என் உயிலையே படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஒவ்வொருவராக என்னை மன்னித்தார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தாளில் பன்னிரண்டாவது பத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஆறடி சிமெண்ட் தரை. நடந்து கடக்கக்கூடிய தூரம்தான்.

"சரி," என்றார் வெல்டா. காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "புதன்கிழமையே எனக்குத் தெரியும். சுகாதாரத் துறையிலருந்து சான்றிதழ்காரங்களுக்கெல்லாம் கடுதாசி போட்டாங்க. நான் வாயத் தொறக்கல. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன்." உறையை மடியில் வைத்தார். "சொல்லிட்ட. அது போதும்."



"துறைக்குப் போன் பண்ணேன். போனை எடுத்த அம்மா நல்ல மாதிரி. அவங்க சொன்னது இதுதான். ஒரு மாவட்டத்துக்கு விதிவிலக்குப் போனது கவனக்குறைவால நடந்துச்சுன்னா, அந்தத் தொகுதி உறுப்பினர் அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, ஒரு வருஷம் அவகாசம் தர அவங்களுக்கு அதிகாரம் இருக்காம். அதுக்குள்ள அவை கூடுற அடுத்த பிப்ரவரி வந்துரும். காரின் ஒரு திருத்தம் கொண்டுவந்தாப் பழையபடி ஆயிடும்."

நாற்காலிகள் அசைந்தன. ஒருவர் கைதட்டினார்.

வெல்டா கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே தட்டச்சு செய்திருந்தார். ஆம்புலன்ஸின் எஞ்சின் மூடி மேல் விரித்து வைத்து, எல்டனுக்காக உரக்க வாசித்தார்: "மேற்படி பிரிவு நீக்கப்பட்டது எங்கள் தொகுதி உறுப்பினரின் கவனத்துக்கு வராமல் நேர்ந்த பிழை என்பதைத் தெரிவித்து, ஓராண்டுக் கால அவகாசம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"அழகா எழுதியிருக்க," என்றார் எல்டன். "கவனத்துக்கு வராமல். நல்ல வார்த்த."

எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று கையெழுத்துப் போட்டார்கள். கிளாய்டு பெரிதாகப் போட்டார். எல்டன் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அவர் முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் பேனா என்னிடம் வந்தது. கீழே என் பெயரையும் தட்டச்சு செய்து, அதற்கு மேல் ஒரு கோடு விட்டிருந்தார் வெல்டா. பெயரில் எழுத்துப்பிழை இல்லை.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வரி இல்லாம எழுத முடியாதா?" என்றேன். "சின்ன மாவட்டம், ஆளில்ல, ரொம்ப தூரம்... அந்த மாதிரி?"

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். அந்த வரிதாம்மா கடுதாசியே. தெரியாம நடந்திருந்தாத்தான் அவகாசம். தெரிஞ்சு விட்டதுன்னா சட்டம் சட்டம்தான்."

"அப்ப ஜூலையிலருந்து பிப்ரவரி வரைக்கும்..."

"வண்டி இங்கயே நிக்கும்," என்றார் வெல்டா.

எட்டு மாதம். போன வருடம் அதே எட்டு மாதத்தில் அந்த வண்டி எத்தனை முறை வெளியே போனது என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது முறை. ஒரு கோட்டில் என் பெயரை எழுதினால் அது மறுபடியும் போகும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இங்கிருந்து வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காப்பிக் கடைக்குப் போய், அடுத்த பிப்ரவரியில் திருத்தத்துடன் அவைக்குப் போகலாம். என்னைச் சுற்றி நிற்கும் இவர்கள் எப்போதும் போல நாலு விரலைத் தூக்குவார்கள். நான் மட்டும் அறிந்த ஒன்று என்னுடன் வண்டியில் வந்துகொண்டே இருக்கும்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. எல்டன் சாவியை ஆணியில் மாட்டுவார். கிளாய்டு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"போடும்மா," என்றார் எல்டன். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "வெக்கப்பட என்ன இருக்கு? நான் பரீட்சையில விழுந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடணும். அதுல தப்பே இல்ல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைத் தன்னைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரால் படிக்க முடியவில்லை. அவரோடு சேர்ந்து நிற்க எனக்குத் தகுதி இல்லை.

பேனாவை மூடிக் கடிதத்தின் மேல் வைத்தேன்.

"கையெழுத்துப் போட முடியாது," என்றேன்.

"ஏன்?" என்றார் வெல்டா.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

கிளாய்டு ரொட்டி மெல்வதை நிறுத்தினார். எல்டனின் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே விடுதியில அதப் படிச்சேன். எண்பத்திநாலாவது பிரிவு. இது நம்ம வண்டின்னு தெரியும், எல்டன், நீங்கதான்னு தெரியும். காலைல எண்ணை வாசிச்சாங்க. எல்லாரும் பாப்பாங்கன்னு பயந்துட்டு நான் எந்திரிக்கல."